காலாவதியான பிஎச்பிக்கு இனி ஆதரவில்லை: இணையக் கடை மென்பொருள் எழுதுவோரின் கொள்கைப் பிரகடனம்

இணையக் கடைகளுக்கான திறமூல மென்பொருளை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்கள் நாங்கள். எங்களில் சிலர் மூல மென்பொருளையே பராமரிக்கிறார்கள். பெரும்பாலோர் அதைச் சுற்றியுள்ள வேலைகளைச் செய்கிறார்கள்: பிளகின், தீம், பேமென்ட் கேட்வே இணைப்பு, ஜிஎஸ்டி பில், கூரியர் கட்டணக் கணக்கு. வூகாமர்ஸ்காரர், மெஜென்டோகாரர், பிரெஸ்டாஷாப்காரர், ஓப்பன்கார்ட்காரர் என்று எங்களுக்குள் பிரிவுகள் உண்டு. எது உசத்தி என்ற சண்டையும் உண்டு. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே மொழி, பிஎச்பி. அந்த மொழியின் பழைய பதிப்புகளை என்ன செய்வது என்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டை ஓய்ந்துவிட்டது. அதனால் இந்தப் பிரகடனம்.

பிஎச்பியை உருவாக்குகிறவர்களே பராமரிப்பதை நிறுத்திவிட்ட பதிப்பில், எங்கள் மென்பொருளின் புதிய வெளியீடுகள் இனி ஓடாது. இதை ஆளாளுக்கு ஒரு நேரத்தில் செய்யாமல், முன்கூட்டியே அறிவித்த ஒரே தேதியில் எல்லோரும் சேர்ந்து செய்வோம். பழைய பதிப்பில் சிக்கியிருக்கும் கடையை அங்கிருந்து வெளியே கொண்டுவரும் வேலையும் எங்களுடையது. அதைக் கடைக்காரர் தலையில் கட்ட மாட்டோம். முதல் இரண்டையும் செய்துவிட்டு மூன்றாவதை நழுவவிட நினைக்கிறவர்கள் எங்களோடு சேர வேண்டாம்.

இதைத் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம்தான். பதிப்புகளைக் கைவிடுவது பற்றிய விவாதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில், மென்பொருள் எழுதுகிறவர்களுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகின்றன. முடிவு வந்து இறங்கும் இடம் கரூரில் படுக்கைவிரிப்பு விற்கிறவரின் கடையாக இருக்கிறது. திடீரென்று ஒரு நாள் திரை வெள்ளையாகிப் போகும்போதுதான் அவருக்குச் செய்தி தெரிகிறது. அவரும் இதைப் படித்து, எங்களைக் கேள்வி கேட்கட்டும்.

காலாவதி என்பது வெறும் தேதி அல்ல என்பதற்குச் சான்று வேண்டுமென்றால் 2024 ஜூன் மாதத்தைப் பார்க்கலாம். கதை 2012-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மே மாதம், சர்வரோடு பிஎச்பியை இணைக்கும் சிஜிஐ முறையில் ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டது. வலைமுகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் எழுத்துகளில் சமக்குறி இல்லாவிட்டால், பிஎச்பி அவற்றைத் தனக்கு இடப்பட்ட கட்டளை என்று எடுத்துக்கொண்டது. ஓர் இடைக்கோட்டையும் ஓர் எழுத்தையும் தட்டினால் போதும், தளத்தின் மூலநிரல் அப்படியே திரையில் கொட்டும். 5.3.12, 5.4.2 ஆகியவற்றில் திருத்தினார்கள். திருத்தம் முழுமையாக இல்லை. சில நாட்களுக்குள் 5.3.13, 5.4.3 வெளிவந்தன. விஷயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, தைவானின் டெவ்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் ஆரஞ்ச் சாய் அதே கதவை மறுபடி திறந்து காட்டினார். விண்டோஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓர் எழுத்து தன்னிடம் இல்லையென்றால் அதைப்போலத் தெரியும் வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். சீன, ஜப்பானிய மொழி அமைப்புள்ள கணினிகளில், கண்ணுக்குத் தெரியாத மென் இடைக்கோடு இப்படிச் சாதாரண இடைக்கோடாக மாறியது. 2012-இல் போட்ட தடுப்பு மென் இடைக்கோட்டைக் கவனிக்கவே இல்லை. பிஎச்பி குழு 8.1.29, 8.2.20, 8.3.8 என்ற மூன்று வெளியீடுகளில் இதைச் சரிசெய்தது. அடுத்த சில நாட்களிலேயே டெல்யூதபாஸ் என்ற பணயத் தீம்பொருளைப் பரப்பும் கும்பல் இந்த ஓட்டை வழியாக நுழைந்துகொண்டிருந்தது.

அந்த மூன்று எண்களில் 8.0 இல்லை. 8.0-இன் காலம் 2023 நவம்பர் 26-இல் முடிந்திருந்தது. ஓட்டை அதிலும் இருந்தது, 7-இலும் இருந்தது, 5-இலும் இருந்தது. திருத்தம் மட்டும் வரவில்லை. லினக்ஸ் சர்வரில் ஓடும் கடைகளுக்கு, அதாவது பெரும்பாலான கடைகளுக்கு, இந்த ஓட்டையால் ஆபத்து இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். பயமுறுத்தி ஆள் சேர்ப்பது எங்கள் நோக்கம் அல்ல. நாங்கள் காட்ட விரும்புவது அந்தப் பட்டியலை. உங்கள் பதிப்பு பட்டியலில் இல்லையென்றால், குற்றம் செய்கிறவனுக்குத் தகவல் கிடைத்துவிட்டது, உங்களுக்கு மருந்து கிடைக்கவில்லை என்று பொருள்.

"எங்கள் மென்பொருள் பிஎச்பி 7.4-இலும் ஓடும்" என்று எங்களில் ஒருவர் தன் பக்கத்தில் எழுதிவைக்கும்போது கடைக்காரர் அதை எப்படிப் படிக்கிறார்? 7.4-இல் இருந்தால் பரவாயில்லை என்றுதான். 2022 நவம்பர் 28-க்குப் பிறகு 7.4-க்கு பிஎச்பி குழுவிடமிருந்து எந்தத் திருத்தமும் வரவில்லை என்பதை நாங்கள் அந்தப் பக்கத்தில் எழுதுவதில்லை. ஓடும் என்பது உண்மை. பரவாயில்லை என்பது எங்கள் வாயிலிருந்து வராத, ஆனால் நாங்கள் விற்றுக்கொண்டிருக்கும் வாக்குறுதி. அதைக் காப்பாற்ற எங்களால் முடியாது. மொழியில் இருக்கும் ஓட்டையைப் பிளகின் எழுதுகிறவர் அடைக்க முடியாது.

இப்படி ஒன்றுசேர்வதில் நாங்கள் முன்னோடிகள் அல்ல. பிஎச்பி 4 வெளிவந்தது 2000 மே மாதம். பிஎச்பி 5 வந்தது 2004 ஜூலை. மூன்றாண்டுகள் கழித்தும் ஹோஸ்டிங் நிறுவனங்களில் பெரும்பகுதி 4-ஐ விட்டு நகரவில்லை. ஏன் என்று கேட்டால், மென்பொருள்கள் 5-ஐக் கேட்கவில்லையே என்றார்கள். மென்பொருள்காரர்களைக் கேட்டால், ஹோஸ்டிங்கில் 5 இல்லையே என்றார்கள். இந்த முடிச்சை அவிழ்க்க 2007-இல் கோபிஎச்பி5 என்ற கூட்டு முயற்சி உருவானது. ட்ருபல், சிம்ஃபனி, டைப்போ3, பிஎச்பிமைஅட்மின் போன்ற திட்டங்கள் ஒரு தேதியைக் குறித்தன: 2008 பிப்ரவரி 5-க்குப் பிறகு வரும் புதிய வெளியீடுகளுக்கு 5.2 கட்டாயம். அதே 2007 ஜூலையில் பிஎச்பி குழுவும் 4-க்கு முடிவு நாளை அறிவித்தது. 2008 ஆகஸ்டில் வந்த 4.4.9 அந்த வரிசையின் கடைசி. முடிச்சு அவிழ்ந்தது. தனியாக எந்தத் திட்டமும் இதைச் செய்திருக்க முடியாது. முதலில் நகர்கிறவர் பயனர்களை அடுத்தவரிடம் இழப்பார் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. ஒரே நாள் என்று வைத்தவுடன் அந்தப் பயம் அர்த்தம் இழந்தது. பின்னாளில் பைதான் 2-ஐக் கைவிட்டபோதும் நம்பை போன்ற அறிவியல் திட்டங்கள் 2020 என்ற பொது எல்லையை வைத்துக்கொண்டு இப்படித்தான் கைகோத்தன.

அந்தக் கூட்டில் சேராத பெரிய திட்டம் வேர்ட்பிரஸ். 2011 ஜூலையில், 3.2 வெளியீட்டில்தான், அது பிஎச்பி 5.2.4-க்கு நகர்ந்தது. பிறகு எட்டாண்டுகள் அந்தக் கீழ்வரம்பைத் தொடவில்லை. 5.2 வரிசையின் கடைசி வெளியீடு 2011 ஜனவரியிலேயே வந்து முடிந்துவிட்டது. ஆக, கீழ்வரம்பாக அறிவித்த நாளிலேயே அது பராமரிப்பு நின்றுபோன வரிசை. 2019 மே மாதம் 5.6.20-க்கு உயர்த்தினார்கள். அதுவும் 2018 டிசம்பர் 31-இல் காலாவதியானது. வேர்ட்பிரஸ் மேல் கட்டப்பட்ட பிளகின்களில் எத்தனையோ இந்த எட்டாண்டுகளும் 2006-இல் வந்த மொழியில் எழுதப்பட்டன. 5.3-இல் வந்த பெயர்வெளி வசதியைப் பயன்படுத்த முடியாமல், ஒவ்வொரு ஃபங்ஷன் பெயருக்கும் முன்னால் நாலெழுத்து முன்னொட்டு ஒட்டி ஒட்டியே காலம் போனது.

வேர்ட்பிரஸை நாங்கள் குறைசொல்லவில்லை, அல்லது முழுமையாகக் குறைசொல்லவில்லை. யாருடைய தளமும் உடையக் கூடாது என்பது நல்ல பிடிவாதம். உயர்த்துவதற்கு முன்பும் உயர்த்தும்போதும் அவர்கள் செய்த வேலையை நாங்கள் அப்படியே எடுத்துக்கொள்கிறோம். 2019 பிப்ரவரியில் வந்த 5.1 வெளியீட்டில், பழைய பிஎச்பியில் ஓடும் தளத்தின் நிர்வாகத் திரையில் ஓர் அறிவிப்பு தோன்றியது: உங்கள் பிஎச்பி பழையது, இதனால் என்ன நஷ்டம், யாரிடம் என்ன கேட்க வேண்டும். அடுத்த வெளியீட்டில், ஒரு பிளகின் உடைந்தாலும் உள்ளே நுழைந்து அதை நிறுத்தும் மீட்பு வசதி வந்தது. வெள்ளைத் திரை வந்தால் கதி கலங்கிப்போகும் கடைக்காரருக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது அந்தத் திரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பழையதைச் சுமப்பதற்கு நாங்கள் என்ன விலை கொடுத்துவந்தோம் என்பதைக் கடைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் கடைசியில் அந்த விலையைக் கட்டியது அவர்கள்தான். 2000-இல் ஜெர்மனியில் தொடங்கிய ஓஎஸ்காமர்ஸ் இந்தத் துறைக்கே தாய்வீடு. அதன் 2.2 பதிப்பு வாடிக்கையாளரின் கடவுச்சொல்லை எம்டி5 முறையில், உப்பு எனப்படும் கலப்பு எழுத்து இரண்டை மட்டும் சேர்த்து வைத்திருந்தது. அக்காலத்துக்கு அது வழக்கம்தான். கடவுச்சொல்லை முறையாகப் பாதுகாக்கும் ஃபங்ஷன் பிஎச்பிக்குள்ளேயே வந்தது 5.5-இல், 2013-இல். ஆனால் 5.2-இலும் ஓட வேண்டும் என்று வைத்திருந்த எந்தக் கடை மென்பொருளும் அதை நேரடியாகத் தொட முடியவில்லை. மறையாக்கத்திலும் இதே நிலைமை. பல கடைகள் நம்பியிருந்த எம்கிரிப்ட் நூலகத்தின் கடைசி வெளியீடு 2007-இல் வந்தது. பத்தாண்டுகள் யாரும் தொடாமல் கிடந்த பிறகு பிஎச்பி 7.2 அதை வெளியேற்றி சோடியம் நூலகத்தை உள்ளே கொண்டுவந்தது. 7.1-ஐயும் 7.2-ஐயும் சேர்த்து ஆதரித்தவர்கள் இரண்டு மறையாக்கத்துக்கும் இரண்டு கிளை எழுதினார்கள். பாதுகாப்பு தொடர்பான நிரலில் இரண்டு கிளை இருந்தால், அவற்றில் ஒன்று சரியாகச் சோதிக்கப்படாமல்தான் இருக்கும்.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பு வரும். 0 == "தீபாவளி" என்று பிஎச்பியிடம் கேட்டால் 7.4 வரை ஆமாம் என்று பதில் வரும். எண்ணோடு ஒப்பிடும்போது சொல்லை எண்ணாக மாற்றும் பழக்கம் அதற்கு இருந்தது. எண்ணாக மாறாத சொல் சுழியமாகிவிடும். 8.0 முதல் இல்லை என்று பதில் வரும். தள்ளுபடிக் கூப்பன் குறியீட்டைச் சரிபார்க்கும் இடத்தில் இந்த ஒப்பீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நிரல், ஒரே கூப்பன். ஒரு சர்வரில் தள்ளுபடி கிடைக்கும், மறு சர்வரில் கிடைக்காது. இரண்டிலும் ஒரேமாதிரி நடந்துகொள்ளும் நிரலை எழுதலாம், எழுதியும் இருக்கிறோம். 7.4 முதல் 8.5 வரை ஏழு பதிப்புகள், நான்கு வகை டேட்டாபேஸ். ஒவ்வொரு திருத்தத்துக்கும் 28 கூட்டுகளில் சோதனை. காலாவதியானவற்றை விட்டால் 16. மிச்சமாகும் நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்பீர்கள். செக்அவுட் பக்கத்தில் மாதக்கணக்காகக் கிடக்கும் பிழைகளைத் தீர்ப்போம். எல்லாத் திட்டங்களிலும் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. வெளியிலிருந்து எடுத்துப் பயன்படுத்தும் கூறுகளும் நகர்ந்துவிட்டன. சிம்ஃபனி 7-க்கும் லாரவெல் 11-க்கும் குறைந்தது 8.2 வேண்டும். 7.4-ஐப் பிடித்துக்கொண்டிருக்கும் மென்பொருள் இவற்றைத் தொட முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் கைவிடுவதற்கான காரணங்கள். இனி சொல்லப்போவது எங்களுக்கே கசப்பானது. கைவிடுவதால் மட்டும் எந்தக் கடையும் பாதுகாப்பாகிவிடுவதில்லை. மெஜென்டோ 1 இதற்குச் சாட்சி.

2008 மார்ச்சில் வந்த மெஜென்டோ அடுத்த சில ஆண்டுகளில் பெரிய கடைகளின் விருப்பமான மென்பொருளானது. 2015 நவம்பரில் மெஜென்டோ 2 வந்தது. பெயர் ஒன்றுதான், மென்பொருள் வேறு. 1-க்கு எழுதிய தீமும் நீட்சியும் 2-இல் ஓடாது. மாறுவது என்றால் கடையைப் புதிதாகக் கட்டுவது என்று பொருள். முதலில் 2018 நவம்பரோடு 1-ஐ முடிப்பதாகச் சொன்னார்கள். பிறகு 2020 ஜூன் 30 என்று தள்ளிப்போட்டார்கள். கைவிட்டார்கள். ஆனால் கடைகள் போகவில்லை, போக வழியும் பணமும் இல்லாமல் அங்கேயே இருந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரே வார இறுதியில் ஏறக்குறைய 2,000 மெஜென்டோ கடைகளுக்குள் திருட்டு நிரல் புகுத்தப்பட்டதை நெதர்லாந்தின் சான்செக் நிறுவனம் கண்டறிந்தது. பெரும்பாலானவை மெஜென்டோ 1 கடைகள். வாடிக்கையாளர் கார்டு எண்ணைத் தட்டும்போதே அந்த நிரல் அதைப் படியெடுத்து வெளியே அனுப்பியது.

இந்தியாவில் 2022 அக்டோபர் 1 முதல் கடைகள் கார்டு எண்ணைச் சேமித்துவைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி, எங்களுக்குக் கவலை இல்லை என்று சிலர் சொல்வார்கள். விதி நல்லது. ஆனால் இந்தத் திருட்டு சேமிப்பிலிருந்து நடப்பதில்லை, தட்டச்சிலிருந்து நடக்கிறது. நிஜப் பேமென்ட் பக்கத்துக்கு முன்னால் போலிப் படிவம் ஒன்றைக் காட்டினால் போதும்.

மெஜென்டோ 1-இன் மிச்சக் கதைதான் எங்கள் கொள்கைக்கே அடிப்படை. ஓப்பன்மேஜ் என்ற பெயரில் தன்னார்வலர்கள் அந்தப் பழைய நிரலை எடுத்துக்கொண்டு, ஓட்டைகளை அடைத்து, அதை பிஎச்பி 8-இல் ஓடவைத்தார்கள். கடைக்காரர் தீமை மாற்றவில்லை, பொருள் பட்டியலை மாற்றவில்லை, ஊழியர்களுக்குப் புதுத் திரையைப் பழக்கவில்லை. மென்பொருள் 2008-இன் வம்சமாகவே இருக்க, அடியிலுள்ள மொழி மட்டும் இன்றையதானது. கடைக்காரருக்கு வேண்டியது இதுதான். பதிப்பை உயர்த்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு நாங்கள் அவருக்கு இதுவரை கொடுத்துவந்தது வேறு: புது நிர்வாகத் திரை, புது டேட்டாபேஸ் அமைப்பு, உடைந்த தீம், அதைச் சரிசெய்ய ஒரு பில்.

ஆகவே முதல் உறுதிமொழி. பிஎச்பி கீழ்வரம்பை உயர்த்தும் வெளியீட்டில் வேறு எதையும் மாற்ற மாட்டோம். ஒரு பொத்தானின் நிறத்தைக்கூட மாற்ற மாட்டோம். புதிய வசதிகளுக்கு ஆசைப்படுகிற எங்கள் சகாக்களுக்கு இது எரிச்சலூட்டும். பொறுத்துக்கொள்ளட்டும்.

அதைவிட முக்கியமானது இணைப்பு வெளியீடு. இன்று பழைய கடைகள் மாட்டிக்கொண்டிருப்பது சோம்பலால் அல்ல. கடையில் இருக்கும் பழைய மென்பொருள் புதிய பிஎச்பியில் ஓடாது. புதிய மென்பொருள் சர்வரில் இருக்கும் பழைய பிஎச்பியில் ஓடாது. ஆற்றைக் கடக்கிறவனுக்கு ஒரு காலை ஊன்றிக்கொண்டு மறுகாலை எடுத்துவைக்க நடுவில் ஒரு கல் வேண்டும். ஹோஸ்டிங் பேனலில் பிஎச்பி பதிப்பை மாற்ற ஒரு சொடுக்கு போதும் என்பது உண்மை. சொடுக்கினால் வெள்ளைத் திரை வரும் என்பதும் உண்மை. ஆகவே ஒரு பதிப்பைக் கைவிடுவதற்கு முன், அதிலும் அதற்கு மேலுள்ள இரண்டு பதிப்புகளிலும் சரியாக ஓடும் ஒரு வெளியீட்டைக் கட்டாயம் தருவோம். கடைக்காரர் முதலில் அதற்கு வரலாம், பிறகு பிஎச்பியை மாற்றலாம், பிறகு புதிய வெளியீட்டுக்குப் போகலாம். மூன்று படிகளுக்கும் நடுவில் எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எதிலும் கடை நிற்கக் கூடாது. நின்றால் அது எங்கள் பிழை.

அந்த இணைப்பு வெளியீட்டுக்குக் கீழ்வரம்பு உயர்ந்த நாளிலிருந்து 12 மாதங்கள் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். ஒற்றை ஆள் இரவில் உட்கார்ந்து பராமரிக்கும் சிறு பிளகின்களுக்கு இது தாங்காது என்பது தெரியும். அவர்களுக்கு ஆறு மாதம் போதும். ஆனால் எத்தனை மாதம் என்பதை முதல் நாளே எழுதிவைக்க வேண்டும்.

தேதிகளை நாங்கள் இஷ்டத்துக்கு முடிவு செய்யப்போவதில்லை. பிஎச்பி குழு இப்போது ஒவ்வொரு பதிப்புக்கும் இரண்டாண்டு முழுப் பராமரிப்பும் மேலும் இரண்டாண்டு பாதுகாப்புத் திருத்தமும் தந்து, டிசம்பர் 31-இல் முடிக்கிறது. அதற்கு ஆறு மாதம் கழித்து, ஜூலை 1-இல் எங்கள் கீழ்வரம்பு உயரும். தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் வியாபாரம் எதற்கும் இடைஞ்சல் இல்லாத மாதம் அது. ஆடித் தள்ளுபடிக்காரர்கள் மன்னிக்கவும். 8.2 முடிவது 2026 டிசம்பர் 31. ஆகவே எங்கள் முதல் பொது நாள் 2027 ஜூலை 1. அன்று முதல் புதிய வெளியீடுகளுக்குக் குறைந்தது 8.3 வேண்டும்.

அறிவிப்பு இல்லாமல் இதைச் செய்ய மாட்டோம். மென்பொருளை நிறுவித் தரும் கம்போசர் போன்ற கருவிகள் பழைய பிஎச்பி உள்ள கடைக்குப் புதிய வெளியீட்டைக் கொடுக்காமல் சும்மா இருந்துவிடும். கடை உடையாது, அது நல்லதுதான். ஆனால் கடை சத்தமில்லாமல் பின்தங்கிவிடும். அப்டேட் எதுவும் வரவில்லை, ஆகவே எல்லாம் சரியாக இருக்கிறது என்று கடைக்காரர் நினைத்துக்கொள்வார். ஆகவே ஆறு மாதம் முன்பிருந்தே நிர்வாகத் திரையில், கடைக்காரர் தேர்ந்தெடுத்த மொழியில், தமிழென்றால் தமிழில், என்ன செய்ய வேண்டும் என்று சொல்வோம். வெறுமனே "டெவலப்பரை அணுகவும்" என்று எழுத மாட்டோம். கடையைக் கட்டிக்கொடுத்த டெவலப்பர் போனை எடுப்பதில்லை என்பதுதான் பெரும்பாலான கடைகளின் பிரச்சினையே.

எங்களை நோக்கி வரும் கேள்விகளில் இரண்டு கனமானவை. ஒன்று: லினக்ஸ் வழங்கல்கள் பழைய பிஎச்பியைத் தாங்களே திருத்தித் தருகின்றனவே? ஆமாம். ரெட் ஹேட் 7 வழங்கல் பிஎச்பி 5.4-ஐ 2014-இல் எடுத்துக்கொண்டு 2024 ஜூன் வரை பராமரித்தது. கிளவுட்லினக்ஸ் போன்றவர்களும் காலாவதியான பதிப்புகளுக்குத் திருத்தம் போட்டு ஹோஸ்டிங்காரர்களுக்கு விற்கிறார்கள். அப்படி ஓடும் கடையை நாங்கள் ஆபத்தான கடை என்று சொல்ல மாட்டோம். ஆனால் பழைய மொழியை நிலையாக வைத்துக்கொள்ள விரும்புகிறவர் பழைய கடை மென்பொருளையும் அதோடு நிலையாக வைத்துக்கொள்வதே பொருத்தம். புதிய வெளியீட்டின் வசதியும் பத்தாண்டுப் பழைய மொழியும் சேர்ந்து வேண்டும் என்றால் அதை எங்களால் தர இயலாது.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் குத்தலானது: இது உங்களுக்கு வேலை உண்டாக்கிக்கொள்ளும் தந்திரம்தானே? எங்களில் பலர் அப்கிரேடு வேலைக்குக் காசு வாங்குகிறவர்கள், ஆகவே சந்தேகம் நியாயமானது. அதனால்தான் இணைப்பு வெளியீடும், படிப்படியான வழிகாட்டியும், உடையக்கூடிய பிளகின்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் சோதனைக் கருவியும் இலவசம், திறமூலம் என்று வைத்திருக்கிறோம். கையோடு வந்து செய்துகொடுக்கச் சொன்னால் கூலி வாங்குவோம். அதில் ஒளிவுமறைவு இல்லை.

ஹோஸ்டிங் நிறுவனங்களிடம் எங்களுக்குக் கோரிக்கைகள் இருக்கின்றன. புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவருக்குக் காலாவதியான பதிப்பைக் கொடுக்காதீர்கள். கடையின் நகலொன்றில் புதிய பிஎச்பியைச் சோதித்துப்பார்க்க வசதி கொடுங்கள். இரவோடிரவாகப் பதிப்பை மாற்றிவிட்டு, காலையில் மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். பழைய பதிப்பை வைத்துக்கொள்ளக் கூடுதல் கட்டணம் வாங்குகிறவர்கள், அந்தப் பணத்துக்கு எந்தெந்தத் திருத்தங்களைப் போடுகிறீர்கள் என்று பட்டியல் வெளியிடுங்கள். திருத்தம் எதுவும் போடாமல் வாங்கும் கட்டணத்துக்கு என்ன பெயர் என்பதை உங்களிடமே விடுகிறோம்.

பிஎச்பி மொழியையே ஒருசிலர்தான் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது 2021-இல் வெளிச்சத்துக்கு வந்தது. முக்கியப் பங்களிப்பாளர் நிகிதா போபோவ் வேறு வேலைக்குப் போகிறார் என்ற செய்தியோடு பிஎச்பி அறக்கட்டளை தொடங்கப்பட்டது. நாங்கள் கைவிடும் தேதிகளை நிர்ணயிப்பது அவர்கள் உழைப்பு. கையெழுத்திடும் ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு தொகையை அங்கே தர வேண்டும். எவ்வளவு என்று நாங்கள் விதிக்கவில்லை.

ஜாவாஸ்கிரிப்ட், டேட்டாபேஸ், பழைய பிரவுசர் ஆகியவை பற்றி இந்தப் பிரகடனம் எதுவும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான். ஒன்றை ஒழுங்காகச் செய்துவிட்டு மற்றதைப் பார்ப்போம். இயக்கத்துக்குப் பெயரும் இன்னும் வைக்கவில்லை. வந்த யோசனைகள் எல்லாம் கட்சிப் பெயர் போலவே இருந்தன.

கையெழுத்திடுகிறவர்கள் இரண்டு விவரங்களைச் சேர்த்து எழுத வேண்டும். நீங்கள் பராமரிக்கும் மென்பொருள் அல்லது பிளகின் இன்று எந்த பிஎச்பி பதிப்பிலிருந்து ஓடுகிறது என்பது ஒன்று, இது வெளியிடப்படும். நீங்கள் பொறுப்பேற்றிருக்கும் கடைகளில் எத்தனை காலாவதியான பதிப்பில் இருக்கின்றன, எந்தப் பதிப்பில் இருக்கின்றன என்பது மற்றொன்று. இது வெளியே வராது. எந்தக் கடை பலவீனமாக இருக்கிறது என்று விளம்பரம் செய்ய நாங்கள் முட்டாள்கள் அல்ல. கடைக்காரர்களும் நேரடியாக எழுதலாம். உங்கள் பதிப்பு எதுவென்று தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள், கண்டுபிடிக்கும் வழியை அனுப்புகிறோம். அந்தப் பட்டியலில் மிகப் பழைய பதிப்பில் இருக்கும் கடையிலிருந்து வேலையைத் தொடங்குகிறோம்.